கேம் பாய் கலருக்குப் புதிய கூடு, புதிய வண்ணம்: வீட்டிலேயே செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

உங்களிடம் நிண்டெண்டோவின் பழைய கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாய் கலர் ஒன்று இருக்கிறது. விளையாட்டு ஓடுகிறது, ஒலி வருகிறது. கூட்டில் மட்டும் கீறல், முன்பக்கக் கண்ணாடியில் மங்கல். அதன் வெளித்தோற்றத்தை முழுதாக மாற்றும் வேலையைத் தொடக்கம் முதல் கடைசி வரை இங்கே எழுதுகிறேன். ஈயத்தால் பற்றவைக்கும் சாலிடரிங் வேலை எதுவும் இதில் இல்லை.

புதிதாக இதில் இறங்குபவர்களை அருகிலிருந்து பார்த்து வருகிறேன். பெரும்பாலோருக்குக் கை நன்றாகவே வருகிறது, வரிசைதான் தவறுகிறது. வண்ணம் காய்ந்த பிறகு கூடு பொருந்தவில்லை என்று தெரிகிறது. கண்ணாடியை ஒட்டிய பிறகு உள்ளே ஒரு தூசி தெரிகிறது. அதனால் ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு முறை முழுவதும் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

1. வண்ணம் அடிப்பதா, வண்ணக் கூடு வாங்குவதா?

முதல் தடவை என்றால் ஏற்கெனவே நிறம் சேர்த்து வார்க்கப்பட்ட கூட்டை வாங்கி மாற்றுங்கள். நிறம் பிளாஸ்டிக்கின் உள்ளேயே இருப்பதால் உரியாது, கீறினாலும் அதே நிறம்தான் தெரியும். நீங்கள் விரும்பும் நிறம் கடையில் கிடைக்கவில்லை, அல்லது ஓவியமாகவோ இரண்டு நிறம் கலந்தோ வேண்டும் என்றால் மட்டும் ஸ்பிரே பெயிண்டுக்குப் போங்கள். அப்படியானால் 7 முதல் 9 வரையுள்ள பகுதிகளும் உங்களுக்கு உரியவை. வண்ணக் கூடு வாங்கியவர்கள் 6ஆம் பகுதியிலிருந்து நேரே 10க்குத் தாவலாம்.

எந்த வழியானாலும் ஒன்றில் நான் உறுதியாக இருக்கிறேன்: நிண்டெண்டோவின் அசல் கூட்டின் மீது வண்ணம் அடிக்காதீர்கள். 1998இல் வெளிவந்த கருவி இது. அசல் கூடு இனி வார்க்கப்படப் போவதில்லை. பின்பக்கத்து ஒட்டுத்தாளும் அதனோடுதான் இருக்கிறது. மாற்றுக் கூட்டில் எதையும் செய்து பாருங்கள், அசல் பத்திரமாக இருக்கட்டும்.

2. கூடு வாங்கும்போது கவனிக்க வேண்டியது

இங்கே நடக்கும் தவறுதான் மிக அதிகம். மாற்றுக் கூடுகள் இரண்டு வகை. ஒன்று அசல் திரைக்கானது. மற்றொன்று பின்னொளி கொண்ட புதிய ஐபிஎஸ் திரைக்காக உட்புறம் மாற்றி வார்க்கப்பட்டது. இரண்டாவது வகையில் திரைக்கான திறப்பு பெரிது; அசல் திரையைப் பிடித்து நிறுத்தும் உள்சுவர்களும் இருக்காது. அதில் பழைய திரையை வைத்தால் ஓரங்கள் தெரியும், திரையும் ஆடும். விற்பனைப் பக்கத்தின் படங்களில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். விவரக் குறிப்பில் அசல் திரைக்கு என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் விற்பவரிடம் கேளுங்கள்.

சிங்கப்பூரில், ஷாப்பி, லசாடா போன்ற இணைய விற்பனைத் தளங்களில் வெளிநாட்டிலிருந்து வரும் கூடுகளுக்கும் 2023 ஜனவரி முதல் பொருள் சேவை வரி சேர்கிறது. 400 வெள்ளிக்குள் இருக்கும் பொருள் என்பதால் வரி இல்லை என்று பழைய கணக்கைப் போடாதீர்கள். விலையை ஒப்பிடும்போது வரி சேர்ந்த கடைசித் தொகையைப் பாருங்கள்.

கூட்டோடு பொத்தான்கள், அவற்றின் அடியில் அமரும் ரப்பர் திண்டுகள், முன்பக்கக் கண்ணாடி, திருகாணிகள் எல்லாம் சேர்ந்து வருகிறதா என்பதையும் பாருங்கள். ரப்பர் திண்டு வந்தாலும் அதை ஓரமாக வையுங்கள். அசல் திண்டு கிழியாமல் இருந்தால் அதைச் சுத்தம் செய்து போடுவதே மேல். பொத்தானை அழுத்தும்போது கைக்குத் தெரியும் அந்த இதமான எதிர்விசை அசலில்தான் இருக்கிறது.

3. கருவிகள்

ட்ரை-விங் திருப்புளி ஒன்று கட்டாயம். கேம் பாய் கலரின் வெளித் திருகாணிகளின் தலையில் மூன்று கிளைகள் கொண்ட வெட்டு இருக்கும். விளையாட்டுக் கேசட்டைத் திறக்கும் 3.8 மில்லிமீட்டர் திருப்புளியை வாங்கி வந்து விழிப்பவர்கள் உண்டு, அது வேறு. உள்ளே இருக்கும் திருகாணிகளுக்கு, கடையில் ஸ்டார் என்று சொல்லும் சிறிய பிலிப்ஸ் திருப்புளி வேண்டும். ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவரில் மின்னணுப் பொருள் கடைகள் இருக்கின்றன. அங்கே போய்த் திருப்புளியின் முனையைக் கண்ணால் பார்த்து வாங்குவது நல்லது. மலிவான தொகுப்பில் முனை மழுங்கிய திருப்புளி ஒன்று இருந்தால் போதும், திருகாணியின் தலையும் கூடவே போய்விடும்.

இவற்றோடு பிளாஸ்டிக் இடுக்கி, பஞ்சுக் குச்சி, ஐசோபுரோபைல் ஆல்கஹால், கேமரா லென்சின் தூசியை ஊதப் பயன்படும் ரப்பர் காற்றுப் பந்து, மூடியுள்ள சிறு டப்பாக்கள். ஆல்கஹால் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கட்டும். மருந்தகத்தில் கிடைக்கும் 70 விழுக்காட்டில் மீதி தண்ணீர். சர்க்யூட் போர்டில் அது காயத் தாமதமாகும். அசிட்டோனை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள். நகப்பூச்சு நீக்கியில் அது இருக்கும். கூடு செய்யப்பட்ட ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

4. திறப்பதற்கு முன் ஒரு சோதனை

இரண்டு புதிய ஏஏ பேட்டரிகளைப் போட்டு, ஒரு விளையாட்டை ஓட்டுங்கள். அழுத்தும் இடங்கள் எட்டையும், அதாவது நான்கு திசை, ஏ, பி, ஸ்டார்ட், செலக்ட் எல்லாவற்றையும், அழுத்திப் பாருங்கள். ஒலிச் சக்கரத்தை முழுதாகத் திருப்புங்கள். திரையில் கோடு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இருக்கும் குறைகளை ஒரு தாளில் எழுதிவையுங்கள். இதைச் செய்யாதவர்களுக்கு, வேலை முடிந்த பிறகு ஒரு பொத்தான் இயங்காவிட்டால் அது முன்பே இருந்த குறையா, தாங்கள் கழற்றியபோது வந்ததா என்று சொல்ல முடியாது. தேடல் எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் போகும்.

பேட்டரி அறையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிவு இருந்தால், பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். அல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம். வினிகரின் அமிலம் அதை முறிக்கும்.

5. பிரித்தல்

பேட்டரிகளையும் கேசட்டையும் எடுத்துவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். நம் வீடுகளில் அது ஓடிக்கொண்டே இருப்பது பழகிப்போய்விட்டது, ஆனால் மேசையில் தூசியைக் கொண்டுவந்து சேர்ப்பதும் அதுதான்.

பின்பக்கம் ஆறு ட்ரை-விங் திருகாணிகள் இருக்கும். அவற்றில் இரண்டு பேட்டரி அறைக்குள். அந்த இரண்டை மறந்துவிட்டுக் கூட்டை நெம்பித் திறக்கப் பார்ப்பார்கள், பிளாஸ்டிக் விரியும். கூடு எளிதாகப் பிரியவில்லை என்றால் எங்கோ ஒரு திருகாணி மிச்சம் இருக்கிறது.

ஒரு தாளில் கருவியின் பின்பக்கத்தை வரைந்து, எந்தத் திருகாணி எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே ஒட்டுநாடாவால் ஒட்டிவையுங்கள். நீளமான திருகாணி தவறான துளைக்குள் போனால் முன்பக்கம் புடைத்து வெள்ளைத் தழும்பு விழும்.

பின்கூட்டை எடுத்ததும் சர்க்யூட் போர்டு தெரியும். அதைப் பிடித்திருக்கும் சிறு பிலிப்ஸ் திருகாணிகளைக் கழற்றுங்கள். இப்போது போர்டைத் தூக்கிவிடாதீர்கள். திரையிலிருந்து வரும் ரிப்பன் கேபிள் அதில் செருகப்பட்டிருக்கிறது. செருகியின் பூட்டுப் பட்டையை இரண்டு ஓரத்திலும் மாறி மாறி, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்ல நகர்த்துங்கள். அது முழுதாகக் கழன்று வர வேண்டியதில்லை. பட்டை தளர்ந்ததும் கேபிள் எதிர்ப்பின்றி வெளியே வரும். இழுக்க வேண்டியிருந்தால் பூட்டு இன்னும் தளரவில்லை. இந்த ஒரு கேபிள்தான் இந்த வேலையில் எளிதில் ஈடுசெய்ய முடியாத பொருள். அதை மடிக்கவோ, தங்க நிற முனையை விரலால் தொடவோ வேண்டாம்.

போர்டைத் தூக்கும்போது ஸ்பீக்கர் இரண்டு மெல்லிய கம்பிகளால் அதோடு இணைந்திருக்கும். ஸ்பீக்கரையும் சேர்த்தே எடுங்கள்.

திரை முன்கூட்டில் ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டிருக்கும். ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைச் செருகிப் பசையை மெதுவாக விடுவியுங்கள். ஒரு மூலையைப் பிடித்து நெம்பினால் உள்கண்ணாடி விரிசல் விடும். அவசரப்படாமல் நான்கு பக்கமும் சுற்றி வாருங்கள்.

கடைசியாகப் பழைய கூட்டை ஒரு முறை கவிழ்த்துப் பாருங்கள். மேலே அகச்சிவப்புக் கதிருக்கான கருஞ்சிறு சாளரம் ஒன்று, பக்கவாட்டில் பவர் சுவிட்சின் நகரும் துண்டு ஒன்று. இரண்டும் கூட்டிலேயே தங்கிவிடும். புதிய கூட்டை முழுதாக மூடிய பிறகு சுவிட்ச் இல்லையே என்று மறுபடி திறப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

6. வண்ணத்துக்கு முன் வெறும் பொருத்தம்

பலர் விட்டுவிடும் படி இது. புதிய கூட்டில் எல்லாவற்றையும், பசை எதுவும் இல்லாமல், ஒரு முறை முழுதாகப் பொருத்திப் பாருங்கள். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் இப்போது ஒட்டாதீர்கள்.

இதற்குக் காரணங்கள் உண்டு. மாற்றுக் கூடுகள் அசலைப் போல் துல்லியமாக வார்க்கப்படுவதில்லை. பொத்தான் துளையில் பிசிறு இருக்கலாம், கேசட் நுழையும் வாய் இறுக்கமாக இருக்கலாம், சுவிட்ச் சிக்கலாம். இப்போது தெரிந்தால் கத்தியாலோ உப்புத்தாளாலோ கொஞ்சம் சீவிவிடலாம். வண்ணம் அடித்த பிறகு சீவினால் வெள்ளை ஓரம் தெரியும்.

இன்னொன்று திருகாணித் துளை. புதிய கூட்டில் அந்தத் துளைகளுக்குள் மரை இருக்காது; முதல் முறை திருகும்போது திருகாணியே அதை வெட்டிக்கொள்கிறது. அதற்குக் கொஞ்சம் அழுத்தம் தேவை. அந்த அழுத்தத்தை வெறும் பிளாஸ்டிக்கின் மீதே கொடுத்துவிட்டால், பின்னால் வண்ணத்தின் மீது கொடுக்க வேண்டியதில்லை. நேராகப் பிடித்து, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று இறக்குங்கள்.

கருவியை இயக்கி, 4ஆம் பகுதியில் செய்த அதே சோதனையைச் செய்யுங்கள். எல்லாம் சரி என்றால் மறுபடி பிரித்து, போர்டையும் திரையையும் தனித்தனி மூடிய டப்பாக்களில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வண்ணம் காயும் நாள்களில் அவை அறையின் ஈரத்தில் கிடக்கக் கூடாது.

7. வண்ணத்துக்குக் கூட்டைத் தயாரித்தல்

பாத்திரம் கழுவும் திரவத்தாலும் மென்மையான தூரிகையாலும் கூட்டைக் கழுவுங்கள். வார்ப்பு அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகப் பூசப்படும் எண்ணெய்ப்பசை புதிய கூட்டில் இருக்கலாம். அது இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. காய்ந்த பிறகு கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

600 எண் உப்புத்தாளால் நீர் தொட்டு லேசாகத் தேயுங்கள். பளபளப்புப் போய் எங்கும் ஒரே மங்கலாக வந்தால் போதும். மூலைகளில் கை தானாக அழுத்தும். அங்கே பாதி வேகத்தில் தேயுங்கள்.

அடுத்து மறைப்பு நாடா. உட்புறம் முழுவதும், திருகாணித் துளைகள், பொத்தான் துளைகளின் உள்விளிம்பு, சுவிட்ச் ஓடும் பள்ளம், கேசட் வாய், பேட்டரி மூடியின் கொக்கி, திரைக் கண்ணாடி ஒட்டும் பள்ளம் ஆகியவற்றை மறையுங்கள். பிரைமர் என்னும் அடிப்பூச்சு, வண்ணம், மேற்பூச்சு என்று அடுக்கடுக்காக ஏறும்போது தடிமன் சேர்கிறது. பொத்தானுக்கும் துளைக்கும் இடையே இருக்கும் இடைவெளி மிகக் குறுகியது. அழுத்திய பொத்தான் மேலே வராமல் நிற்பதற்கு அனேகமாக இந்தத் தடிமன்தான் காரணம்.

பொத்தான்களுக்கு வண்ணம் அடிக்க வேண்டாம். விரல் படும் இடம், விரைவில் தேய்ந்துவிடும். நிறப் பொத்தான்கள் தனியே கிடைக்கின்றன.

8. எங்கே, எந்த நேரத்தில் அடிப்பது?

ஸ்பிரே டப்பாவிலிருந்து பெயிண்டைத் தள்ளும் வாயு தீப்பற்றக்கூடியது, கரைப்பானும் அப்படியே. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பலரும் துணி துவைக்கும் பின்கட்டுக்குத்தான் போவார்கள். அது அடுப்பங்கரையை ஒட்டியது. எரிவாயுச் சுடுநீர்க் கருவி அங்கே இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல்: குளியலறையில் ஒருவர் வெந்நீர்க் குழாயைத் திறந்த நொடியில் அது தானே பற்றிக்கொள்ளும். அந்த இடம் வேண்டவே வேண்டாம். பொதுத் தாழ்வாரத்திலும் அடிக்காதீர்கள். அண்டை வீட்டாரின் காலணியிலும் காயப்போட்ட துணியிலும் பெயிண்ட் துளி படிந்தால் பேச்சு வளரும்.

திறந்த பால்கனி, அல்லது குளிர்சாதனத்தை அணைத்து எல்லாச் சன்னல்களையும் திறந்த ஓர் அறை பொருத்தமானது. ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அதற்குள் அடியுங்கள். குழந்தைகளும் பூனையும் அந்தப் பக்கம் வரக் கூடாது. என்95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகமூடி தேவை. இப்படி ஓர் இடம் உங்கள் வீட்டில் இல்லையென்றால் வண்ணக் கூடு வாங்குவதுதான் சரியான முடிவு.

நேரம், இடத்தைப் போலவே முக்கியம். கரைப்பான் ஆவியாகும்போது கூட்டின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, வண்ணத்தின் மேல் பால் படிந்தது போன்ற வெள்ளை மங்கல் வந்துவிடும். சிங்கப்பூரில் விடியலுக்குச் சற்று முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகல் நடுவே ஏறக்குறைய 60க்கு இறங்கும். வேலை முடிந்து வந்து இரவில் அடிப்பவர்களுக்கும், காலையில் எழுந்ததும் அடிப்பவர்களுக்கும் இந்த மங்கல் வருவதன் காரணம் இதுதான். மழை இல்லாத வார இறுதியில் பகல் ஒரு மணிக்கு மேல் தொடங்குங்கள்.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில்தான் இடிமழை வரும். அந்த மாதங்களில் வானிலை முன்னறிவிப்பைப் பார்க்காமல் டப்பாவைக் குலுக்காதீர்கள். சிறிய ஈரப்பதமானி ஒன்றை வாங்கி அட்டைப்பெட்டியின் அருகே வைத்தால் ஊகிக்க வேண்டியதே இல்லை. 70க்கு மேல் காட்டினால் நான் அடிப்பதில்லை.

9. அடிப்பதும் காயவிடுவதும்

கடைகளில் தமியா நிறுவனத்தின் ஸ்பிரே டப்பாக்கள் பரவலாகக் கிடைக்கின்றன. டிஎஸ் வரிசை சாதாரண மாடல் பிளாஸ்டிக்குக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் உரியது. பிஎஸ் வரிசை தொலைக்கட்டுப்பாட்டுக் கார்களின் பாலிகார்பனேட் உடலுக்கானது. மூடியின் நிறத்தை மட்டும் பார்த்து எடுத்தால் மாறிவிடும். பிரைமர், வண்ணம், மேற்பூச்சு மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருக்கட்டும். எனாமல் வண்ணத்தின் மேல் லாக்கர் மேற்பூச்சு விழுந்தால் அதன் வலுவான கரைப்பான் கீழ் அடுக்கைச் சுருங்கச் செய்துவிடும்.

சாத்தே செருகும் மூங்கில் குச்சிகளில் ஒட்டுநாடா சுற்றி, கூட்டின் உட்புறத்தில் ஒட்டி, பிடியாக வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் குலுக்குங்கள். 20 முதல் 25 செண்டிமீட்டர் தள்ளி நின்று, கூட்டுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, ஒரே வேகத்தில் கடந்து, மறுபக்கம் வெளியே போய் விரலை எடுங்கள். கூட்டின் மேல் தொடங்கினால் முதல் துளிகள் பெரிதாகத் தெறிக்கும்.

முதல் அடுக்கில் பிளாஸ்டிக் தெரியத்தான் வேண்டும். அதைப் பார்த்துப் பொறுமை இழந்து மேலும் மேலும் அடித்தால் வழியும். பிரைமர் இரண்டு மெல்லிய அடுக்கு. காய்ந்ததும் 1000 எண் தாளால் நீர் தொட்டு ஒரு தடவல். வண்ணம் மூன்று அல்லது நான்கு அடுக்கு. எழுத்து ஒட்டுப்படம் ஏதும் வைப்பதானால் வண்ணத்துக்கும் மேற்பூச்சுக்கும் இடையில். பிறகு மேற்பூச்சு இரண்டு, மூன்று. அடுக்குகளுக்கு இடையே எவ்வளவு நேரம் என்பதை டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துச் செய்யுங்கள்.

பேட்டரி மூடியை மறந்துவிடாதீர்கள். முன்கூடு, பின்கூடு, மூடி மூன்றையும் ஒரே நேரத்தில், ஒரே கோணத்தில் நிறுத்தி அடியுங்கள். உலோகப் பளபளப்புள்ள வண்ணத்தில், மூடியை மறுநாள் தனியே அடித்தால் அது வேறு நிறமாகவே தெரியும்.

தொட்டால் ஒட்டாத நிலை அரை மணியில் வந்துவிடும். அது காய்ந்ததன் அடையாளம் ஆகாது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். கரைப்பான் வாடை இருக்கும்வரை உள்ளே இன்னும் இளகித்தான் இருக்கிறது. நம் ஊர் ஈரத்தில் ஒரு வாரம் விடுவது நல்லது. அதற்கு முன் கையில் பிடித்து விளையாடினால் விரல்ரேகை பதிந்து அப்படியே இறுகிவிடும். மறைப்பு நாடாவை மட்டும் கடைசி அடுக்கு அடித்த சிறிது நேரத்திலேயே, பின்னோக்கி மடித்து மெல்ல உரித்துவிடுங்கள். முழுதாகக் காய்ந்த பிறகு உரித்தால் ஓரத்து வண்ணமும் சேர்ந்து வரும்.

10. மறுபடி சேர்த்தல்

முன்கூட்டைக் கவிழ்த்து, மென்மையான துணியின் மேல் வையுங்கள். முதலில் திரை. அது நேராக இருக்கிறதா என்று முன்பக்கம் பார்த்து உறுதி செய்துகொண்டு ஒட்டுங்கள். அடுத்து பொத்தான்கள், அவற்றின் ஓரத்துச் சிறு காதுகள் கூட்டின் பள்ளங்களில் அமர வேண்டும். அவற்றின் மேல் ரப்பர் திண்டுகள். திண்டின் கரும்புள்ளிகளையும் போர்டில் அவை தொடும் இடங்களையும் ஆல்கஹாலால் ஒற்றியெடுத்துக் காயவிட்டிருக்க வேண்டும். சுவிட்ச் துண்டு, அகச்சிவப்புச் சாளரம், ஸ்பீக்கர் மூன்றையும் இடத்தில் வைத்த பிறகு போர்டு. போர்டிலுள்ள சுவிட்ச், வெளித்துண்டின் பிளவுக்குள் பிடித்திருக்கிறதா என்று நகர்த்திப் பாருங்கள்.

ரிப்பன் கேபிளை நேராக, ஆழம் முழுவதும் செருகி, பூட்டுப் பட்டையின் இரண்டு ஓரங்களையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் திரையில் கோடுகள் வரும். கோடு வந்ததும் திரை போய்விட்டது என்று கலங்க வேண்டாம். முதலில் கேபிளை எடுத்து மறுபடி செருகுங்கள்.

பின்கூட்டை வைத்து, எதிரெதிர் மூலைகளில் இரண்டு திருகாணிகளை மட்டும் போட்டுச் சோதியுங்கள். எல்லாம் இயங்கினால் மற்றவை. ஒவ்வொரு திருகாணியையும் முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். லேசாக ஒரு துள்ளல் தெரியும். அங்கேதான் முன்பு வெட்டிய மரை தொடங்குகிறது. அதிலிருந்து வலப்பக்கம் இறக்கினால் பழைய தடத்திலேயே போகும். கைக்கு எதிர்ப்புத் தெரிந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் திருகினால் துளை விரிசல் விடும். அளவுக்கு மேல் இறுக்கிய கூட்டில் பொத்தான்களும் திணறும்.

11. முன்பக்கக் கண்ணாடி

இதைக் கடைசிக்கு வைப்பதற்குக் காரணம், கண்ணாடி வெளியிலிருந்து ஒட்டப்படுவது. அது இல்லாதவரை திரையின் மேல் விழும் தூசியைக் கூட்டைத் திறக்காமலே எடுக்கலாம். ஒட்டிய பிறகு எடுக்க வேண்டுமானால் பசையை உரிக்க வேண்டும், அதில் கண்ணாடியின் ஓரம் பெயரும்.

மின்விசிறியை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுங்கள். காற்றில் மிதக்கும் தூசி கீழே இறங்கட்டும். திரையின் மேல் பாதுகாப்புத் தாள் ஏதும் இருந்தால் எடுத்துவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத இழைகளும் அப்போது தெரியும். காற்றுப் பந்தால் ஊதுங்கள். போகாததை ஒட்டுநாடாவின் ஓரத்தால் தொட்டு எடுங்கள். துணியால் துடைத்தால் புதிய இழை வந்து சேரும். வாயால் ஊதினால் எச்சில் துளி விழும்.

கண்ணாடியின் உட்பக்கத் தாளை உரித்து, கீழ் ஓரத்தை முதலில் பள்ளத்தில் பொருத்தி, மேல் ஓரத்தை இறக்குங்கள். ஓரங்களை மட்டும் விரலால் அழுத்துங்கள்; நடுவில் அழுத்தினால் திரைக்குப் போகும். கருவியை இயக்கி, இருளான காட்சி வரும் இடத்தில் நிறுத்தி, தூசி இருக்கிறதா என்று பாருங்கள். பசை முதல் சில நிமிடங்களில் இளகியே இருக்கும். எடுக்க வேண்டியிருந்தால் அப்போதே எடுத்துவிடுங்கள்.

பழைய கூடு, பழைய பொத்தான்கள், அசல் திருகாணிகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, எந்தக் கருவிக்கு உரியவை என்று எழுதி, சிலிகா ஜெல்லோடு மூடிவையுங்கள். கருவியை மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரிகளைக் கழற்றிவிட்டு வையுங்கள்.